டென்யூர் இல்லாத ஆசிரியருக்கு ஓட்டு: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் வாசகர்கள் சிலர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு எழுதுகிறார்கள். அவர்களுடைய செனட்டில், அதாவது ஆசிரியர்களின் பிரதிநிதி அவையில், பைலாவை (அவையின் விதிகளை) திருத்தப் போகிறார்கள். டென்யூர் (நிரந்தரப் பணி) டிராக்கில் இல்லாத ஆசிரியர்களுக்கு வாக்குரிமை தரலாமா, தந்தால் எவ்வளவு என்று நாலைந்து வரைவுகள் சுற்றி வருகின்றன. எதை ஆதரிப்பது? கேட்பவர்களில் டென்யூர் பெற்ற பேராசிரியர்களும் உண்டு, ஒவ்வொரு வசந்தத்திலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் லெக்சரர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்யூர் முடிவுகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே நியாயம். ஆனால் வாக்களித்ததற்காக வேலை போகாது என்ற பாதுகாப்பும் அதே திருத்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாக்கைக் கல்லூரி நிர்வாகத்தின் தலைவரான டீன்தான் பயன்படுத்திக்கொள்வார். தனியார் பல்கலைக்கழகமாக இருந்தால் இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதற்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

டென்யூர் பெற்றவரைத் தக்க காரணமும் விசாரணையும் இல்லாமல் நீக்க முடியாது. டென்யூர் டிராக்கில் இருப்பவர் அதை நோக்கித் தகுதிகாண் காலத்தில் இருப்பவர். இந்த வரிசைக்கு வெளியே முழுநேர லெக்சரர்கள், டீச்சிங் புரொஃபசர்கள், மருத்துவப் பள்ளிகளின் கிளினிக்கல் ஆசிரியர்கள், மானியப் பணத்தில் சம்பளம் வாங்கும் ஆராய்ச்சி ஆசிரியர்கள், ஒரு பாடத்துக்குச் சில ஆயிரம் டாலர் என்று பேசி வரும் அட்ஜங்ட்டுகள் என்று பல வகையினர் இருக்கிறார்கள். நம் அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களைத் தெரிந்தவர்களுக்கு அட்ஜங்ட்டின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இவர்களைச் சிறுபான்மை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் (ஏஏயுபி) கணக்குப்படி, 1987இல் ஆசிரியர்களில் 47 சதவீதம் பேர் டென்யூர் வரிசைக்கு வெளியே இருந்தார்கள். 2021இல் அது 68 சதவீதம். டென்யூர் பெற்றவர்கள் இதே காலத்தில் 39 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள்.

பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்று 1966இல் ஏஏயுபியும் பல்கலைக்கழகத் தலைவர்கள், அறங்காவலர்கள் சார்ந்த அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கையை உருவாக்கின. இன்றைய செனட்டுகள் பலவும் சாய்ந்து நிற்பது அந்த அறிக்கையின் மேல்தான். ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாசலுக்கு வெளியே நிற்கும்போது அந்தப் பொறுப்பை யார் சுமப்பது? இதற்கு ஏஏயுபி 2012இல் தெளிவாகவே பதில் சொன்னது: வேண்டுமானால் குறைந்தபட்சப் பணிக்காலம் என்று ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எல்லோருக்கும் ஒருவருக்கு ஒரு வாக்கு. டென்யூர் மதிப்பீட்டில் மட்டும் கட்டுப்பாடு இருக்கலாம். குழு வேலைக்குச் சம்பளம் வேண்டும்.

இது பரிந்துரை மட்டுமே. நீதிமன்றம் போய் இந்த உரிமையை வாங்க முடியாது. மினசோட்டா சமுதாயக் கல்லூரிகள் தொடர்பான நைட் வழக்கில், அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு நிர்வாக முடிவுகளில் பங்கேற்க அரசியல் சட்ட உரிமை எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பைலாவில் என்ன எழுதுகிறீர்களோ அதுதான் அவர்களுக்குக் கிடைக்கும்.

எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். பாடத்தை நடத்துபவரின் அறிவு அந்தப் பாடத்தைப் பற்றிய முடிவுக்குள் வருகிறதா? வாக்களிப்பவர் பயமில்லாமல் வாக்களிக்க முடிகிறதா? குழு வேலைக்கு நேரமும் பணமும் யார் தருகிறார்கள்? யூனியன் அமைக்கும் உரிமைக்கு இதனால் பாதிப்பு வருமா?

டென்யூர் பெற்றவர்கள் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள்: எங்கள் குரல் நீர்த்துப்போகுமா? இது தன்னலக் கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது. நிர்வாகத்தை முகத்துக்கு நேரே எதிர்க்கக்கூடிய ஆட்கள் பல்கலைக்கழகத்தில் டென்யூர் பெற்றவர்கள்தான். வேலைப் பாதுகாப்பு இல்லாத நூறு பேரின் வாக்கு அவர்களை மூழ்கடித்தால், எதிர்க்கும் குரலே அடங்கிவிடும். அந்தப் பயத்துக்கு மூலகாரணம் அந்த நூறு பேருக்குப் பாதுகாப்பு இல்லாதது. மருந்தும் அங்கேதான் போட வேண்டும்.

வழி 1: வாக்கு இல்லை, யூனியன் மட்டும்

கலிபோர்னியா பல்கலைக்கழகம் இதற்கு நல்ல உதாரணம். அதன் அகாடமிக் செனட் நாட்டிலேயே வலுவான செனட்டுகளில் ஒன்று. சாதாரண லெக்சரர்கள் அதில் உறுப்பினர் இல்லை. ஆனால் அவர்களுக்கு வலுவான யூனியன் இருக்கிறது. 2021 நவம்பரில் வேலைநிறுத்தத்தின் விளிம்பில்தான் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு ஆண்டுகள் கற்பித்துவிட்டுத் தகுதி மதிப்பீட்டில் தேறினால் தொடர் நியமனம் கிடைக்கிறது.

சம்பளம், வகுப்புச் சுமை, மறுநியமனம் போன்றவற்றை யூனியன் பேசி வாங்கித் தரும். முதலாண்டு கட்டுரைப் பாடத்தை எப்படி மாற்றுவது, கால்குலஸ் வகுப்பில் எத்தனை மாணவர்கள் தாங்கும், எந்தப் பாடத்தைக் கைவிடுவது போன்ற கல்வி முடிவுகளில் பெரும்பாலானவை செனட்டிடமே இருக்கும். அந்தப் பாடங்களை ஆண்டு முழுவதும் நடத்துபவர்கள் அந்த அறைக்குள் வர முடியாது.

இந்த வழிக்கு டென்யூர் பெற்றவர்கள் கொடுக்கும் விலையை அவர்களே கணக்கிடுவதில்லை. முப்பது ஆசிரியர்கள் உள்ள துறையில் ஒன்பது பேர்தான் டென்யூர் வரிசை என்று வைத்துக்கொள்வோம். பாடத்திட்டக் குழு, சேர்க்கைக் குழு, மதிப்பீட்டுக் குழு எல்லாம் அந்த ஒன்பது பேர் தலையில் விழும். வரிசையில் ஆட்கள் குறையக் குறையச் சுமை கூடிக்கொண்டே போகும்.

யூனியன் ஏற்கெனவே வலுவாக இருந்து, செனட் திருத்தம் இந்த ஆண்டு நிறைவேறவே வாய்ப்பில்லை என்றால் இந்த வழி தாங்கும். யூனியனும் இல்லை, வாக்கும் இல்லை என்ற நிலையைத் தொடர விடுவதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

வழி 2: ஒதுக்கப்பட்ட இடங்கள்

அறுபது பேர் செனட்டில் இரண்டோ மூன்றோ இடம் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு. இது எளிதில் நிறைவேறும். யாருக்கும் பெரிய பயம் வராது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, அந்த இருவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பது. டீன் நியமித்தால் அது பிரதிநிதித்துவமே இல்லை. ஒப்பந்த ஆசிரியர்களே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் முதலில் வாக்காளர் பட்டியல் வேண்டும். பல வளாகங்களில் இந்தப் பருவம் எத்தனை அட்ஜங்ட்டுகள் வேலை பார்க்கிறார்கள் என்ற பட்டியலே வகுப்புகள் தொடங்கிய பிறகுதான் தயாராகும். இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவரின் ஒப்பந்தம் செனட் பதவிக்காலத்தின் நடுவில் முடிந்துபோகலாம். கடுமையாகக் கேள்வி கேட்ட பிரதிநிதிக்கு அடுத்த ஆண்டு வகுப்பு கிடைக்காமல் போனால், அதற்கடுத்து வருபவர் என்ன பாடம் கற்றுக்கொள்வார்?

இது ஓர் இடைக்கால ஏற்பாடு என்று ஏற்றுக்கொள்ளலாம். அப்படியானால் எத்தனை ஆண்டுக்குள் மறுபரிசீலனை என்ற தேதியைத் திருத்தத்திலேயே எழுதுங்கள். தேதி போடாத இடைக்கால ஏற்பாடுகள் இருபது ஆண்டு உயிர் வாழும்.

வழி 3: தனி அவை

விஸ்கான்சினில் மாநிலச் சட்டமே ஆசிரியர்களையும் அகாடமிக் ஸ்டாஃப் என்ற பிரிவையும் தனித்தனியாக அங்கீகரிக்கிறது. வகுப்பெடுக்கும் லெக்சரர்களில் பலர் இரண்டாவது பிரிவில் வருகிறார்கள். மேடிசன் வளாகத்தில் அவர்களுக்கென்று தனிப் பேரவை இருக்கிறது. சான்சலரும் (வளாகத்தின் தலைவர்) ஆசிரியர்களும் விரும்பினால் அகாடமிக் ஸ்டாஃபில் உள்ளவர்களை ஆசிரியர் பிரிவிலேயே சேர்த்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. நல்ல கதவுதான், யாராவது திறக்க வேண்டும்.

தனி அவையில் அவர்களுடைய பிரச்சினை நிகழ்ச்சி நிரலின் கடைசிக்குத் தள்ளப்படாது. பேசப் பழகுவார்கள், தலைவர்கள் உருவாவார்கள். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் பாடத்திட்டம் மற்ற அவையின் கையில் இருக்கும். நிர்வாகத்துக்கும் இரண்டு அவைகள் இருப்பது வசதி. ஒன்று மறுத்ததை மற்றதிடம் கொண்டுபோகலாம்.

வெளியிலிருந்து அடி விழும்போது இந்தப் பிளவு இன்னும் வலிக்கும். 2015இல் விஸ்கான்சின் சட்டமன்றம் டென்யூரை மாநிலச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, ஆசிரியர்களின் ஆட்சிப் பொறுப்பை, அதாவது பல்கலைக்கழக முடிவுகளில் அவர்களுக்கு இருந்த பங்கை, ஆலோசனை அளவுக்குச் சுருக்கியது. 2025இல் டெக்சாஸ் தன் எஸ்.பி. 37 சட்டத்தால் செனட்டுகளை ஆலோசனை மட்டும் சொல்லும் அமைப்புகளாக்கி, அவற்றின் தலைவரைப் பல்கலைக்கழகத் தலைவரே நியமிக்கும்படி செய்தது. இப்படிப்பட்ட நேரத்தில் "நாங்கள் எல்லா ஆசிரியர்களுக்காகவும் பேசுகிறோம்" என்று ஒரு செனட் சொல்ல வேண்டும். ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே தேர்ந்தெடுத்த அவை அதைச் சொன்னால் சட்டமன்றத்தில் யார் கேட்பார்கள்?

வழி 4: அரை வாக்கு

ஒப்பந்த ஆசிரியருக்கு அரை வாக்கு, அட்ஜங்ட்டுக்குக் கால் வாக்கு என்று துறை அளவில் சில இடங்களில் வைக்கிறார்கள். மூன்று கல்லூரிகளில் ஒவ்வொரு பாடம் நடத்துபவருக்கு மூன்று இடத்திலும் முழு வாக்கு எப்படித் தர முடியும் என்று இதை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் பொருள் இருக்கிறது. ஆனால் அதே துறையில் ஆராய்ச்சி விடுப்பில் ஆண்டு முழுவதும் வெளியூரில் இருக்கும் பேராசிரியருக்கு யாரும் வாக்கைக் குறைப்பதில்லையே.

நடைமுறையில் ஒரு பெரிய கோளாறு உண்டு. அரை வாக்குகளைத் தனியாக எண்ண வேண்டும், ஆகவே வாக்குச் சீட்டும் தனி. ஒரு துறையில் நாலு லெக்சரர்கள்தான் என்றால், அந்த நாலு சீட்டையும் பார்த்தாலே யார் எப்படி வாக்களித்தார் என்று ஊகித்துவிடலாம். எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களின் ரகசியம்தான் முதலில் உடைகிறது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எண்ணிக்கைதான் கவலை என்றால் பணிக்காலத் தகுதி வையுங்கள், தகுதி பெற்றவருக்கு முழு வாக்கு கொடுங்கள்.

வழி 5: முழு வாக்கு, டென்யூர் முடிவு மட்டும் விலக்கு

எந்த விஷயத்தில் யாருக்கு வாக்கு என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். நான் பரிந்துரைக்கும் பிரிவினை இது:

| விஷயம் | முழுநேர ஒப்பந்த ஆசிரியர் | அட்ஜங்ட் |
|---|---|---|
| இளநிலைப் பாடத்திட்டம் | முழு வாக்கு | குறிப்பிட்ட பருவங்கள் கற்பித்திருந்தால் முழு வாக்கு |
| முனைவர் பட்டப் பாடத்திட்டம் | அந்த நிலையில் கற்பித்தால் உண்டு | அந்த நிலையில் கற்பித்தால் உண்டு |
| துறைத் தலைவர் தேர்வு | முழு வாக்கு, ரகசியமாக | பணிக்காலத் தகுதியோடு |
| டென்யூர் டிராக்கில் புதிய நியமனம் | உண்டு | கருத்து சொல்லலாம் |
| டென்யூர் வழங்குதல் | இல்லை | இல்லை |
| ஒப்பந்த ஆசிரியரின் பதவி உயர்வு | மேல்நிலையில் இருப்பவர்களுக்கு உண்டு | இல்லை |
| செனட் தேர்தல் | முழு வாக்கு | பணிக்காலத் தகுதியோடு முழு வாக்கு |

டென்யூர் முடிவில் ஏன் விலக்கு? இன்று நான் எதிர்த்து வாக்களித்த உதவிப் பேராசிரியர் நாளை டென்யூர் பெற்று என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் குழுவில் உட்காருவார். அந்த நிலையில் யாரையும் வைக்கக் கூடாது. டென்யூர் பெறாத உதவிப் பேராசிரியர்களையும் இதே காரணத்துக்காகத்தான் பல துறைகள் விலக்குகின்றன.

மருத்துவப் பள்ளி உள்ள பல்கலைக்கழகங்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிளினிக்கல் ஆசிரியர்களின் எண்ணிக்கை மற்ற கல்லூரிகள் அனைத்தையும் சேர்த்தாலும் மிஞ்சலாம். அதற்காக அவர்களுடைய வாக்கைப் பறிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் செனட்டில் இத்தனை இடம் என்று உச்சவரம்பு வைத்தால் போதும்.

இந்த வழியில் வெளியே தெரியாத செலவுகள் இரண்டு. ஒன்று நேரம். பருவத்துக்கு நான்கு வகுப்பு எடுப்பவரிடம் "உங்களுக்கு இப்போது வாக்குரிமை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்துக்கு வாருங்கள்" என்றால், அது உரிமை என்ற பெயரில் சம்பளமில்லாத வேலை. குழுவில் உட்காருபவருக்கு ஒரு வகுப்பைக் குறையுங்கள், அட்ஜங்ட் என்றால் மணிக்கணக்கில் பணம் கொடுங்கள்.

இன்னொன்று பயம். இது ஆழமானது. துறைத் தலைவரின் திட்டத்தை எதிர்த்துக் கையுயர்த்தும் லெக்சரருக்கு அடுத்த மே மாதம் புதுப்பிப்புக் கடிதம் வரவில்லை என்றால், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் யாருக்கும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமை காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. 2006இல் கார்செட்டி வழக்கில், அரசு ஊழியர் தன் பணிக் கடமையின் பகுதியாகப் பேசுவதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் அது பொருந்துமா என்பதை அப்போது தீர்க்காமல் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில் டென்யூர் இல்லாதவர்தான் முதலில் விழுவார்.

ஆகவே முழு வாக்கோடு மூன்று விதிகள் ஒட்டி வர வேண்டும். ஆட்களைப் பற்றிய எல்லா வாக்கெடுப்பும் ரகசியம். ஆட்சிப் பணியில் சொன்ன கருத்தோ போட்ட வாக்கோ மறுநியமனத்தில் கணக்கில் வரக் கூடாது என்று எழுத்தில் ஒரு விதி, அதை மீறினால் முறையிட ஒரு குழு. சில ஆண்டுப் பணிக்குப் பிறகு பல ஆண்டு ஒப்பந்தம். கடைசியில் சொன்னது கனவில்லை. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் கற்பித்த லெக்சரருக்கு மூன்றாண்டு நியமனம் தரும் விதி யூனியன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வொர்செஸ்டர் பாலிடெக்னிக் என்ற தனியார் பல்கலைக்கழகம் 2021இல் இன்னும் ஒருபடி மேலே போய், கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட ஆசிரியர்களுக்கே டென்யூர் வழியைத் திறந்தது. டென்யூரைச் சிலரிடமிருந்து காப்பாற்றுவதைவிட இன்னும் பலருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதைக் காக்கும் வழி என்று நான் நம்புகிறேன்.

தனியார் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் படிக்க வேண்டியது

1980இல் யெஷீவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. அங்கே முழுநேர ஆசிரியர்கள் பாடத்திட்டம், சேர்க்கை, மதிப்பெண் முறை போன்றவற்றை உண்மையில் தீர்மானிப்பதால் அவர்கள் மேலாளர்கள். மேலாளர்களுக்குத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கீழ் யூனியன் பாதுகாப்பு இல்லை. அதாவது ஆட்சியில் எவ்வளவு பங்கு கிடைக்கிறதோ அவ்வளவுக்கு யூனியன் உரிமை ஆட்டம் காணும்.

ஒப்பந்த ஆசிரியர்கள் இதிலிருந்து தப்பித்ததற்குக் காரணமே அவர்களுக்கு அதிகாரம் இல்லாததுதான். 2014இல் பசிபிக் லூதரன் வழக்கில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், கல்வித் திட்டங்கள், மாணவர் சேர்க்கை, நிதி ஆகியவற்றில் ஆசிரியர்களுக்கு உண்மையான கட்டுப்பாடு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று வரையறுத்தது. அங்கே டென்யூர் வரிசைக்கு வெளியே இருந்தவர்கள் மேலாளர்கள் இல்லை என்றும் முடிவு செய்தது.

அப்புறம் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக வழக்கு வந்தது. அதன் ரோஸ்கி கலை, வடிவமைப்புப் பள்ளியில் டென்யூர் வரிசைக்கு வெளியே இருந்தவர்கள் யூனியன் கேட்டார்கள். அவர்கள் பல்கலைக்கழகக் குழுக்களில் இடம்பெறுகிறார்கள், ஆகவே மேலாளர்கள் என்று நிர்வாகம் வாதிட்டது. குழுக்களில் அவர்கள் பெரும்பான்மை இல்லை என்பதை வைத்து வாரியம் அந்த வாதத்தை ஒதுக்கியது. 2019இல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அளவுகோலை ஏற்கவில்லை. குழுவில் சிறுபான்மையாக இருப்பது மட்டும் போதாது, அந்தப் பிரிவு ஆசிரியர் ஆட்சிக்குள் உண்மையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது.

உங்கள் செனட் திருத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தனியார் பல்கலைக்கழகத்தில் லெக்சரர்கள் யூனியன் வேண்டும் என்ற அட்டைகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் அதே பருவத்தில், நிர்வாகம் திடீரென்று தாராளமாகி முழு வாக்குரிமையை முன்வைத்தால், உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். முதலில் யூனியன் தேர்தல் முடியட்டும். யூனியன் பேச்சே இல்லாத இடத்தில் இந்த ஆபத்து உடனடியானது இல்லை. ஆனாலும் இன்று வாங்கும் வாக்கு நாளை யூனியன் வழக்கில் சாட்சியாக வரலாம் என்பது தெரிந்தே முடிவெடுங்கள்.

மதச்சார்புள்ள தனியார் கல்லூரிகளில் கணக்கு மாறுகிறது. 2020இல் டுகேன் பல்கலைக்கழக வழக்கில், தன்னை மத நிறுவனமாக முன்னிறுத்தும் லாபநோக்கற்ற கல்லூரியின் ஆசிரியர்கள் மீது வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. யூனியன் பாதை அங்கே ஏற்கெனவே கிட்டத்தட்ட அடைபட்டதால், செனட் வாக்கின் மதிப்பு கூடுகிறது. அங்கே ஐந்தாவது வழிக்கே முழு மூச்சாகப் போராடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தேசியச் சட்டம் பொருந்தாது. மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கூட்டுப் பேரத்தை அனுமதிக்கும் மாநிலங்களில் யூனியனும் செனட் வாக்கும் சேர்ந்தே இருக்கலாம். 2023 ஏப்ரலில் நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் டென்யூர் பெற்றவர்களும் அட்ஜங்ட்டுகளும் தங்கள் தங்கள் யூனியன்கள் வழியாக ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வளாகங்களில் இரு தரப்பும் ஒரே வரிசையில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, செனட்டில் மட்டும் ஏன் தனித்தனி என்ற கேள்வி தானாகவே வரும்.

இந்த ஆண்டு ஒரே ஒரு திருத்தம்தான் நிறைவேறும் என்றால்

பல செனட்டுகளில் பைலாவைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எல்லாம் ஒரே கூட்டத்தில் கிடைக்காது. அப்படியானால் முழுநேர ஒப்பந்த ஆசிரியர்களுக்கு முழு வாக்கு, மறுநியமனப் பழிவாங்கலைத் தடுக்கும் விதி ஆகிய இரண்டையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பிரித்துக் கொண்டுவந்தால் முதலாவது நிறைவேறி இரண்டாவது தோற்கும். அட்ஜங்ட்டுகளுக்கான பணிக்காலத் தகுதியை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கான குழுவையும் தேதியையும் இப்போதே குறித்துவிடுங்கள்.

வரைவை எழுதும் குழுவில் குறைந்தது இரண்டு லெக்சரர்கள் இருக்கட்டும், அந்த வேலைக்கு அவர்களுக்குப் பணம் கிடைக்கட்டும். தனியார் பல்கலைக்கழகம் என்றால், இறுதி வரைவைத் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் படிக்க வேண்டும். அவர் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.